அறிந்தும் அறியாதான்
ஜப்பானிய நான்கெழுத்துத் தொடரும் ஓய்மானாட்டுப் பாட்டும்



ஒரு மனிதரின் இயல்பை எத்தனை சொற்களில் சொல்லிவிட முடியும்? விழா மேடையில் ஒருவரை அறிமுகம் செய்பவர் கால்மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். அவர் முடித்த பின்னும், வந்தவர் எப்படிப்பட்டவர் என்பது அவைக்கு விளங்குவதில்லை. திண்ணையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியோ 'வெள்ளந்தி' என்கிறார். ஒரு மனிதர் கண்முன் வந்து நிற்கிறார். 'கல்லுளிமங்கன்' என்கிறார், இன்னொருவர் வந்து நிற்கிறார். பண்பைக் குறிக்கும் சொல் சுருங்கச் சுருங்க அதன் கூர்மை ஏறுகிறது. இந்தச் சுருக்கத்தை ஒரு தனிக்கலையாகவே வளர்த்துக்கொண்ட மொழிகளுள் ஒன்று ஜப்பானிய மொழி. அதனை முன்வைத்து, இந்த ஓய்மானாட்டு மண்ணில் பிறந்த ஒரு பழம்பாட்டைத் திரும்பிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

கனிந்த சொல்

ஜப்பானியர் தம் மொழியில் நான்கே எழுத்துகளால் அமைந்த தொடர்களை 'யோஜி ஜுகுகோ' என்பர். 'யோஜி' என்பது நான்கு எழுத்து. 'ஜுகுகோ' என்பதைக் கூட்டுச்சொல் என்று பெயர்க்கலாம். ஆனால் அதன் முதல் எழுத்திற்குக் கனிதல், பக்குவப்படுதல் என்பது பொருள். ஆகவே கனிந்த சொல் என்றும் கொள்ளலாம். அங்கு எழுத்து என்பது நம் உயிரும் மெய்யும் போல ஒலியை மட்டும் குறிப்பதன்று. சீனத்திலிருந்து பெற்ற அவ்வெழுத்து ஒவ்வொன்றும் ஒரு பொருளைச் சுமப்பது. எனவே நான்கெழுத்து என்பது நம் வழக்கில் ஏறத்தாழ நான்கு சொல்லுக்கு நிகர்.

இத்தொடர்களுள் பெரும்பகுதி சீன நூல்களிலிருந்து வந்தவை. சில பௌத்த மறைகளிலிருந்து வந்தவை. சில ஜப்பானிலேயே பிறந்தவை. பொருள்வகையில் பார்த்தால், மனித இயல்பைச் சுட்டுபவை அவற்றுள் கணிசமானவை. குழந்தைபோல் கபடமற்றிருப்பவரைத் 'தென்ஷின் ரன்மன்' என்பர். நம் மூதாட்டியின் 'வெள்ளந்தி' அதுவே. எதையும் முடிவு செய்ய இயலாமல் இழுத்துக்கொண்டிருப்பவரை 'யூஜூ ஃபுதான்' என்பர். அருகில் ஒருவருமே இல்லை என்பதுபோல் நடந்துகொள்ளும் செருக்கரை 'போஜகு புஜின்' என்பர்.

இவை ஏட்டில் மட்டும் வாழ்பவை அல்ல. ஜப்பானின் மரபு மல்லாடலான சுமோவில் ஒரு வீரர் உயர்நிலைக்கு ஏற்றப்படும்போது, சங்கத்தின் தூதர்கள் அவருடைய பயிற்சிக்கூடத்திற்கே வந்து செய்தியை அறிவிப்பர். வீரர் தரையில் கைகளை ஊன்றி வணங்கி, ஓரிரு வாக்கியங்களில் ஏற்புரைப்பார். தகநொஹன என்னும் புகழ்பெற்ற வீரர் 1993இல் 'ஒசெக்கி' நிலைக்கு உயர்ந்தபோது, வளையாமையும் முறியாமையும் என்று பொருள்படும் நான்கெழுத்துத் தொடரைத் தம் உறுதிமொழியாக வைத்தார். 1994இல் அனைத்திலும் உயர்ந்த 'யொகொசுனா' நிலையை எய்தியபோது, உடலையும் உயிரையும் பொருட்படுத்தாமை என்னும் பொருளுடைய, பௌத்தத் தாமரைச் சூத்திரத்திலிருந்து வந்த மற்றொரு தொடரைச் சேர்த்துக்கொண்டார். நாடு முழுவதும் அத்தொடர்களைப் பேசிற்று. 'இத்தகையவனாக இருப்பேன்' என்பதற்கு நான்கெழுத்தே போதுமானதாயிற்று.

பேதைமை போல் தோன்றும் பேரறிவு

இத்தொடர்களுள் ஒன்று ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கது: 'தைச்சி ஜோகு'. 'தை' பெரிய, 'சி' அறிவு, 'ஜோ' போல, 'கு' பேதைமை. பேரறிவு பேதைமை போல் இருக்கும் என்பது இதன் பொருள். இது சீனத்தின் சொங் காலப் பெருங்கவிஞர் சு ஷி எழுதிய மடல் ஒன்றிலிருந்து வந்தது. தம் மூத்த அறிஞர் ஓயாங் சியூ 1071இல் அரசப்பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது அவரை வாழ்த்தி எழுதிய மடல் அது. பெருந்திறம் திறமின்மை போல் தோன்றும் என்ற கருத்து லாவோசியின் நூலிலேயே உண்டு. அந்த மரபில் நின்றே சு ஷி பேரறிவைப் பற்றிப் பேசினார்.

இத்தொடருக்கு வாழ்வால் பொருள் எழுதியவர் என்று ரியோகன் என்னும் ஜப்பானியத் துறவிக் கவிஞரைச் சொல்லலாம். 1758இல் எச்சிகோ நாட்டின் கடலோர ஊராகிய இசுமோசகியில் பிறந்தவர், 1831இல் மறைந்தவர். 1790இல் அவருடைய ஆசான் கொகுசென் அவருக்கு அளித்த தகுதிச் சான்றுப் பாடல், அவரைப் பேதை போன்றவர் என்றே குறிக்கிறது. அவரும் 'தைகு', அதாவது பெரும்பேதை, என்னும் பெயரைப் பூண்டார். ஒரு கோயிலுக்கும் தலைவராகாமல், மலைச்சரிவில் ஒரு குடிசையில் வாழ்ந்து, இரந்துண்டு, ஊர்க் குழந்தைகளோடு நூற்பந்து விளையாடிப் பொழுது போக்கினார். அவர் எழுதிய கவிதைகளும் தூரிகை எழுத்துகளும் இன்று ஜப்பானின் கலைச்செல்வங்களாகப் போற்றப்படுகின்றன.

பேதைமை போன்ற இந்தத் தோற்றம் யாருக்குத் தோன்றுகிறது? யார் முன்னிலையில் அறிவுடையவர் பேதையாகிறார்? எதற்காக ஆகிறார்? நான்கெழுத்துத் தொடர் இவ்வினாக்களுக்கு விடை சொல்வதில்லை. நான்கெழுத்திற்குள் அதற்கு இடமும் இல்லை. அந்த விடையைத் தேடிச் செல்ல வேண்டிய இடம் தொலைவில் இல்லை. இந்த ஒலக்கூரை உள்ளிட்ட நிலப்பரப்பிலேயே அது இருக்கிறது.

ஓய்மானாடும் ஒரு பாட்டும்

சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில், அச்சிறுபாக்கத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே உள்ளது ஒலக்கூர். திண்டிவனத்தைச் சூழ்ந்த இப்பகுதி பண்டு ஓய்மானாடு எனப்பட்டது. அதன் தலைவனாகிய நல்லியக்கோடனைப் பாடியதே பத்துப்பாட்டுள் மூன்றாவதாக வைத்து எண்ணப்படும் சிறுபாணாற்றுப்படை. 269 அடிகளையுடைய இதனைப் பாடியவர், அண்மையிலுள்ள இடைக்கழிநாட்டைச் சேர்ந்த நல்லூர் நத்தத்தனார். பாணன் செல்லும் வழியில் பாட்டு காட்டும் எயிற்பட்டினம் மரக்காணப் பகுதி என்றும், அவன் சென்று சேரும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி என்றும் அறிஞர் கொள்வர். உலக இலக்கியம் பேசுவதற்கு இப்பகுதியார் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. பேருந்தில் அரைமணிப் பயணத்திற்குள் ஒரு பத்துப்பாட்டு நாடு இருக்கிறது.

இப்பாட்டில் இரண்டு கதவுகள் உண்டு. அவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

முதற்கதவு பாணனின் வீட்டுக்கதவு. வறுமை மிகுந்த அவ்வீட்டு அடுக்களையில், கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய், பாலின்றிக் குரைக்கிறது. கூரை இற்றுக் கிடக்கிறது. சுவரில் கறையான் ஏறியிருக்கிறது. பசியால் மெலிந்த மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளிவந்து, உப்பும் இன்றி வேகவைக்கிறாள். சுற்றத்தோடு உண்பதற்கு முன் அவள் செய்யும் செயல் ஒன்றே ஒன்று: வாயிற்கதவை அடைக்கிறாள். வறுமை யாருக்கும் வரக்கூடியது என்பதை அறியாத மடவோர் பார்த்துவிட்டுப் புறம் பேசுவர் என்ற நாணத்தால் அடைக்கிறாள்.

இரண்டாங்கதவு நல்லியக்கோடனின் அரண்மனை வாயில். பொருநர் வந்தாலும் புலவர் வந்தாலும் அந்தணர் வந்தாலும் அது அடைபடுவதில்லை. ஏழைப் பெண் மூடிய கதவிலிருந்து புறப்பட்ட பாணன், மூடாத கதவின்முன் வந்து நிற்கிறான். மடவோரின் கண்ணுக்கு அஞ்சி மூடிய கதவு அது. எவர் கண்ணும் நாணுமாறு செய்யாத ஒருவனுடைய வாயில் இது. இவ்வாயிலைச் சொன்ன உடனேயே நத்தத்தனார் அத்தலைவனின் பண்புகளைச் சொல்லத் தொடங்குகிறார்.

நால்வகையினர், பதினாறு பண்புகள்

அவர் சொல்லும் முறை வியப்புக்குரியது. தாமாக ஒரு பண்பையும் அவர் கூறவில்லை. நால்வகை மாந்தரை நிறுத்தி, ஒவ்வொரு வகையினரும் நந்நான்கு பண்புகளைப் புகழ்வதாக அமைக்கிறார்.

அறிந்தோர் புகழ்வன: பிறர் செய்த உதவியை மறவாமை, சிறுமைக்குணத்தார் சேர்க்கை இல்லாமை, மலர்ந்த முகம், பழகுதற்கு இனிமை.

வீரர் புகழ்வன: அஞ்சி வந்தவர்க்கு அருளுதல், கொடுஞ்சினம் கொள்ளாமை, பகைவர் அணிக்குள் புகும் துணிவு, உடைந்து பின்னிடும் தன் படையைத் தாங்கி நிறுத்துதல்.

மகளிர் புகழ்வன: எண்ணியதை முடித்தல், விரும்பத்தக்கவனாதல், ஒருபுறமே சாய்ந்து வயப்பட்டுவிடாமை, பிறர் நெஞ்சில் ஓடுவதைக் குறிப்பால் உணர்தல்.

பரிசிலர் புகழ்வன: அறிவுமடம், நிறைந்த அறிவு, தகுதியின் வரிசை அறிதல், எல்லை வகுக்காமல் கொடுத்தல்.

ஒவ்வொரு பண்பும் இரண்டு மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஜப்பானிய நான்கெழுத்துத் தொடருக்கு எவ்வகையிலும் குறையாத செறிவு இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அதுவே முதன்மையானது. ஜப்பானியத் தொடர் பண்பை மட்டும் சொல்கிறது. நத்தத்தனார் பண்போடு சான்றையும் சேர்த்துச் சொல்கிறார். கருணையை வீரர் வாயால் கேட்கிறோம். போரில் அவனுடைய சினத்தை அருகிருந்து கண்டவர்களே, கொடுஞ்சினம் அவனிடம் இல்லை என்கிறார்கள். சான்று சொல்ல உரியவர் எவரோ, அவரைக் கொண்டே சொல்விக்கிறார் புலவர்.

எட்டுத் திசைக்கும் அழகர்

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். அறிந்தோர்க்கு ஒருவன், வீரர்க்கு ஒருவன், மகளிர்க்கு ஒருவன், பரிசிலர்க்கு ஒருவன் என்று நால்வகையினர்க்கும் நல்லவனாக ஒருவன் இருந்தால், அவன் உண்மையில் யார்? எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்குவதையே தொழிலாகக் கொண்டவனோ?

இந்த ஐயத்திற்கும் ஜப்பானியர் ஒரு தொடர் வைத்திருக்கின்றனர்: 'ஹப்போ பிஜின்'. எட்டுத் திசையிலும் அழகர் என்பது நேர்ப்பொருள். எத்திசையிலிருந்து நோக்கினும் குறை காண இயலாத அழகு என்ற பாராட்டு போல் தோன்றினாலும், ஜப்பானிய வழக்கில் இது வசைச்சொல். எவரையும் பகைத்துக்கொள்ள மனமின்றி, வருகின்ற ஒவ்வொருவர்க்கும் ஏற்றபடி முகம் காட்டி நடப்பவரை அவ்வாறு அழைப்பர். வியப்பு என்னவெனில், இதே நான்கு சீன எழுத்துகளைக் கொரியர் தம் ஒலிப்பில் வழங்கும்போது, பல துறையிலும் வல்லவர் என்ற பாராட்டாகவே கொள்கின்றனர். கடலின் ஒரு கரையில் வசை, மறுகரையில் வாழ்த்து.

அப்படியானால் நல்லியக்கோடன் எட்டுத் திசைக்கும் அழகனா? பாட்டே இதற்கு விடை தருகிறது. எல்லார்க்கும் இனியவனாக விரும்புபவன் எல்லாரிடமும் ஒரே பொருளையே விற்பான்: இன்சொல். அவனை எல்லாரும் ஒரே சொல்லால் புகழ்வர்: நல்லவன். இங்கோ பதினாறு பண்புகளில் ஒன்றுகூட மறுமுறை வரவில்லை. சிறுமையுடையாரைச் சேர்த்துக்கொள்ளாதவன் என்பது முதல் வரிசையிலேயே வருகிறது. அதாவது, அவனால் விலக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அவனைப் புகழ்ந்திருக்க மாட்டார்கள். ஒருபுறம் சாயாதவன் என்பதும் இருக்கிறது. தகுதியின் வரிசை அறிந்தவன் என்பதும் இருக்கிறது. இம்மூன்றும் எட்டுத் திசைக்கும் அழகரிடம் ஒருபோதும் காண இயலாதவை.

அறிவுமடம் என்னும் அருஞ்சொல்

பரிசிலர் முதலாவதாகப் புகழும் பண்பாகிய அறிவுமடத்தை இனி நோக்கலாம். 'மடம்' என்பது பேதைமை. அது தமிழில் பல இடங்களில் அழகாகி நிற்கும் சொல். பயன் நோக்காது, அளவு பாராது வழங்குவது கொடைமடம். போரின் அறம் பிறழ்ந்து படை செலுத்துவது படைமடம். பரணர் பேகனைப் பாடிய புறநானூற்றுப் பாடல் (142), முன்னது அவனிடம் உண்டு, பின்னது அவனிடம் இல்லை என்று பிரித்துக்காட்டுகிறது. முல்லைக்குத் தேரீந்த பாரியும் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனும் கொடைமடத்தின் உருவங்கள். அவ்விருவரையும் உள்ளிட்ட வள்ளல் எழுவரையும் சிறுபாணாற்றுப்படையே வரிசையாக நினைவுகூர்கிறது.

அறிவுமடம் இவற்றினும் நுட்பமானது. தான் கூறுவதை உணரும் அறிவில்லாதாரிடத்துத் தானும் அறியாதவன்போல் அமைந்திருத்தல் என்ற கருத்தில் பழைய உரை இதனை விளக்கும். அடுத்து வரும் நிறைந்த அறிவு என்பது, அறிந்தவரிடத்து அவ்வறிவை முழுதும் காட்டுதல். திருக்குறளின் அவையறிதல் அதிகாரமும் இவ்விரண்டையும் ஒரே குறளில் (714) இணைக்கிறது. ஒளி பொருந்தியவர் நடுவில் தாமும் ஒளிவிட வேண்டும் என்றும், அஃதில்லாதவர் நடுவில் வெண்சுதையின் நிறத்தை மேற்கொள்ள வேண்டும் என்றும் அது அறிவுறுத்துகிறது. பலவண்ணம் தீட்டத் தெரிந்தவர், இடமறிந்து வெறுஞ்சுவர்போல் நிற்பது அது.

இப்போது சு ஷியின் தொடரையும் அறிவுமடத்தையும் அருகருகே வைத்து நோக்கலாம். சீனத்தில் பிறந்து ஜப்பானில் வழங்கும் தொடரில், பேரறிவு பேதைமை போல் தோன்றுகிறது. தோற்றம் என்பது காண்பவரின் கண்ணைச் சார்ந்தது. உலகம் அளக்கத் தெரியாமல் பெரியவரைப் பேதை என்று எண்ணிவிடுகிறது. தமிழ்ச்சொல்லில் பேதைமை தோன்றுவதன்று, மேற்கொள்ளப்படுவது. அதுவும் தனக்காக மேற்கொள்ளப்படுவதன்று. எதிரே நிற்பவர்க்காக மேற்கொள்ளப்படுவது. பசியோடும் கிழிந்த ஆடையோடும் வந்து நிற்கும் பாணன் ஏதேனும் தவறாகச் சொல்லக்கூடும். கேட்டதையே மீண்டும் கேட்கக்கூடும். தெரிந்த செய்தியைப் புதிதுபோல் நீட்டக்கூடும். தலைவன் அதனைத் திருத்தாமல், முதன்முறை கேட்பவன்போல் கேட்கிறான். வீட்டில் மடவோர்க்கு அஞ்சிக் கதவடைத்த குடும்பத்திலிருந்து வந்தவனுக்கு, மடமையைத் தான் ஏற்றுக்கொண்ட ஒருவன் தரும் முதற்பரிசில் இதுவே. யானையும் தேரும் பின்னர் வருகின்றன.

இன்னுமொரு நுட்பம் உண்டு. இப்பண்பைப் புகழ்பவர் பரிசிலரே. அறியாதவன்போல் அவன் இருந்தது நடிப்பு என்பதை அவர்கள் உணராதிருந்தால், அதைப் பண்பாகப் புகழ்ந்திருக்க இயலாது. அவன் அறிந்தவன் என்பதையும் அவர்கள் அடுத்த சொல்லிலேயே சேர்த்துச் சொல்கிறார்கள். ஆக, அவன் அறிவான். அவன் அறிவான் என்பதை இவர்களும் அறிவர். இருந்தும் இருசாராரும் அதனைப் பேசுவதில்லை. ஆகவே அறிவுமடம் ஏமாற்று ஆவதில்லை. ஒருவர் மானத்தைக் காப்பதற்காக இருவர் சேர்ந்து காக்கும் அமைதியாகிறது.

சில சொல், அவையும் உரியவர்க்கு

இந்தப் பதினாறு பண்புகளுக்குப் பின்னும், பாணன் தன் வாயால் தலைவனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று புலவர் கற்பிக்கிறார். நீண்ட புகழ்மாலை எதனையும் அவர் கற்பிக்கவில்லை. நான்கே தொடர்கள்: முதியோர் முன் குவியும் கை, இளையோர்க்கு விரியும் மார்பு, உழுவோர்க்கு நிழலாகும் கோல், தேரூர்ந்து வரும் பகைவர்க்கு நெருப்பாகும் வேல். இந்தச் சில சொற்களை நீ சொல்லி முடிப்பதற்குள் அவன் உனக்கு உடையும் உணவும் தரத் தொடங்கிவிடுவான் என்கிறார். வீமன் செய்த மடைநூலின் நெறி தவறாமல் சமைத்த பல்வகை உணவைத் தானே அருகில் நின்று ஊட்டுவான் என்கிறார்.

இந்நான்கிலும் பண்பு ஒன்று, அது யார்க்கு என்பது ஒன்று என இரு கூறுகள் இருத்தல் காண்க. ஒரே மனிதனின் கை ஓரிடத்தில் குவிகிறது. ஓரிடத்தில் வேல் பிடிக்கிறது. 'பணிவானவன்' என்று மட்டும் சொன்னால் பாதி பொய். 'கடுமையானவன்' என்று மட்டும் சொன்னாலும் பாதி பொய். யார் முன் எத்தகையவன் என்பதே மனிதனைப் பற்றிய முழு உண்மை. நான்கெழுத்துத் தொடர் கனிந்த சொல் என்றால், ஓய்மானாட்டுப் புலவரின் தொடரைக் காம்போடு பறித்த கனி எனலாம்.

கிடங்கிலின் மற்றொரு குரல்

இப்பண்பு அரசர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கும் இம்மண்ணிலேயே சான்று இருக்கிறது. கிடங்கில் என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு தாங்கிய புலவர்கள் சங்க இலக்கியத்தில் உளர். அவர்களுள் கிடங்கிற் குலபதி நக்கண்ணனார் குறுந்தொகையின் 252ஆம் பாடலைப் பாடியவர்.

தலைவன் பிரிந்து கொடுமை செய்து, பின் திரும்பி வருகிறான். தலைவி மலர்ந்த முகம் மாறாமல் அவனை ஏற்றுப் பேணுகிறாள். தோழிக்குப் பொறுக்கவில்லை. 'நீ பேதை' என்று கடிந்துகொள்கிறாள். அவள் ஆளும் சொல்லும் மடம் என்னும் வேரிலிருந்து பிறந்ததே. தலைவியின் மறுமொழி இப்பொருள்பட அமைகிறது: வருந்தாதே, சான்றோர் தம்மைப் புகழ்ந்தாலே முகத்தின்முன் நாணுபவர், அத்தகையவர் பழிச்சொல்லைத் தாங்குவரோ?

தோழி கண்டது மடமை. தலைவியிடம் இருந்தது அறிவுமடம். அவள் அவன் செய்ததை அறியாதவள் அல்லள். அறிந்ததைச் சொல்லிக்காட்டினால் எதிரே நிற்பவரின் உள்ளம் எத்தனை சிறுத்துப்போகும் என்பதையும் சேர்த்து அறிந்தவள். அவளுடைய பொறுமை நியாயமானதா என்று இன்றைய பெண் வினவலாம், வினவவும் வேண்டும். தாங்குகின்ற கடன் எப்போதும் ஒருவர்மீதே விழுமானால் அது பண்பு என்னும் பெயரால் வரும் சுமையாகிவிடும். அரண்மனையில் வலியவன் மெலியவர்க்காக மடத்தை மேற்கொண்டான். இல்லத்தில் அச்சுமை மனைவியின் தோளில் ஏறியது. இந்த வேற்றுமையையும் கிடங்கிலின் இரண்டு பாட்டுகளும் சேர்ந்தே காட்டுகின்றன.

வரிசை அறிதல்

இவற்றால் பெறப்படுவது கவிஞர்க்கும் கவிதை கேட்போர்க்கும் நேரே உரியது. இலக்கிய வட்டம் ஒன்றின் முற்றத்தில் பலவகையினர் வந்து நிற்கின்றனர். முதன்முறை தம் கவிதையைக் கையில் நடுங்கப் பிடித்துக்கொண்டு வாசிக்கும் இளைஞர் உண்டு. பல நூல் கண்ட முதியவர் உண்டு. கவிதையைவிடத் தம் பதவியை முன்னே அனுப்பி வைத்துவிட்டு மேடைக்கு வருபவரும் உண்டு. மூவர்க்கும் ஒரே கைதட்டலும் ஒரே பொன்னாடையும் ஒரே 'கவிப்பேரரசு' வகைப் பட்டமும் கிடைக்குமானால், அவ்வட்டம் எட்டுத் திசைக்கும் அழகாகிவிட்டது என்றே பொருள்.

இதனைக் கபிலர் அன்றே கண்டிருந்தார். பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரில் ஆண்ட மலையமான் திருமுடிக்காரி பெருவள்ளல். வந்தவர்க்கெல்லாம் வாரி வழங்கியவன். அவனைப் பாடிய புறநானூற்றுப் பாடலில் (121) கபிலர் ஒரு குறையையே எடுத்துரைக்கிறார். நாற்றிசையிலிருந்தும் பரிசிலர் வருவர். அள்ளிக் கொடுப்பது அத்துணைக் கடினமன்று. அவரவர் தகுதி அறிவதே கடினம். ஆகவே புலவரைப் பொதுவாக ஒரே கண்ணால் நோக்குவதை விட்டுவிடு என்கிறார். பரிசில் குறைந்தது என்று அவர் முறையிடவில்லை. எல்லாரோடும் ஒன்றாக எண்ணப்பட்டதே அவர் வருத்தம். கொடை பெற்றும் புலவர் உள்ளம் வாடுவது உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நத்தத்தனார் பரிசிலர் வாயில் வைத்த நான்கு பண்புகளின் வைப்புமுறை இப்போது முழுப்பொருள் தருகிறது. அறிவுமடத்தோடு அவர் நிறுத்தியிருந்தால், எல்லாவற்றையும் கேட்டுப் புன்னகை செய்யும் ஒருவனே கிடைத்திருப்பான். அதை அடுத்து நிறைந்த அறிவை வைத்தார். எல்லையற்ற கொடைக்கு முன்னே வரிசை அறிதலை வைத்தார். மென்மையும் தெளிவும் ஒன்றை ஒன்று காக்குமாறு அமைத்தார்.

இதிலிருந்து ஓர் உரைகல்லைப் பெறலாம். அறிந்தும் அறியாதவர்போல் ஒருவர் இருக்கும்போது, அதனால் காக்கப்படுவது யார் என்று பார்க்க வேண்டும். எதிரே நிற்கும் எளியவரின் மானம் காக்கப்படுமானால் அது அறிவுமடம். பேசாதிருப்பவரின் இருக்கையும் நற்பெயரும் காக்கப்படுமானால் அது 'ஹப்போ பிஜின்'. தொடக்கநிலைக் கவிஞரின் சந்தப்பிழையை அவையில் சொல்லாமல், பின்னர் தனியே அழைத்து அருகமர்ந்து திருத்தித் தருவது முன்னது. செல்வாக்குடையவரின் வெறுஞ்சொற்குவியலைக் காவியம் என்று மேடையில் பாராட்டுவது பின்னது. இரண்டிலும் வாய் மூடியே இருக்கிறது; இரண்டும் ஒன்றல்ல.

வேறொரு தீங்கும் உண்டு. அறிவுமடம் முதல்நாளுக்கு உரிய பண்பு. ஐந்தாண்டு, பத்தாண்டு ஆகியும் ஒரு கவிஞரிடம் அவருடைய குறையைச் சொல்லாமலே இருப்பது அவரை இன்னும் அறியாதவராகவே வைத்து எண்ணுவதாகும். அது மரியாதையின்மை. கபிலர் காரியிடம் கேட்டது இந்த மரியாதையைத்தான். 'என்னைப் பார், என் பாட்டைப் பார், பிறகு கொடு' என்பதே ஒவ்வொரு கவிஞரும் வாய்திறந்து சொல்லாத வேண்டுகோள்.

நிறைவாக

பத்தாண்டு நிறைவில் வெளிவரும் மலரில் பலரைப் பற்றிப் பலர் எழுதுவர். 'பண்பாளர்', 'அன்பாளர்', 'ஆற்றலாளர்' என்னும் அடைமொழிகள் நிறையும். அவ்விடத்தில் ஓய்மானாட்டுப் புலவரின் முறையைச் சற்றே கடைப்பிடிக்கலாம். ஒருவரைப் பற்றி எழுதும்போது நான்கு தொடர் போதும். ஒவ்வொன்றிலும் அவர் யாரிடம் அவ்வாறு இருந்தார் என்பதைச் சேர்த்து எழுதினால் போதும். இளங்கவிஞரிடம் பொறுமையாளர் என்று எழுதலாம். அதிகாரத்தினிடம் தலை வணங்காதவர் என்று எழுதலாம். அந்த இளங்கவிஞரே அதனை எழுதினால் இன்னும் நன்று. நூறாண்டு கழித்து எடுத்துப் படிப்பவர்க்கும் அம்மனிதர் கண்முன் நிற்பார்.

நல்லியக்கோடனின் கோட்டையும் வாயிலும் இன்று இல்லை. அவன் வழங்கிய தேரும் யானையும் இல்லை. தன்முன் நின்ற ஏழைப் பாணனை நாணமுறாமல் பேசவிட்டுக் கேட்டான் என்ற செய்தி மட்டும் இரண்டே சொல்லில் எஞ்சியிருக்கிறது. இம்மண்ணில் கவிதை வாசிக்க முதன்முறை எழுந்து நிற்பவர் ஒவ்வொருவர்க்கும் அந்த வாயில் அடைபடாமல் இருப்பதாக. உள்ளே நுழைந்தபின், அவரவர் தகுதியை அறிந்து சொல்லும் நேர்மையும் இவ்வவையில் குறையாதிருப்பதாக.